ஐடியா வந்தது 1765-ல், என்ஜின் ஓடியது 1776-ல்: ஜேம்ஸ் வாட்டைக் காக்கவைத்த அந்தச் சின்ன இடைவெளி

நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஜேம்ஸ் வாட். பள்ளியில் படித்தது, போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. கூடவே, கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்துதான் அவருக்கு ஐடியா வந்தது என்ற கதையும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பதில் தவறு. வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712-ல், இங்கிலாந்தின் டட்லி பகுதியில் தாமஸ் நியூகோமென் என்பவரின் நீராவி இயந்திரம் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் வாட் என்னதான் செய்தார்? ஏற்கெனவே இருந்த இயந்திரம் ஏன் இவ்வளவு நிலக்கரியைத் தின்கிறது என்று கணக்குப் போட்டார். தீர்வையும் 1765-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்தத் தீர்வு ஒரு சுரங்கத்தில் நிஜமாக வேலை செய்தது 1776 மார்ச்சில்தான். நடுவில் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள்.

காரணம் ஐடியாவில் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இருந்தது.

பிஸ்டனும் சிலிண்டரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழல். அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு தட்டு, அந்தத் தட்டைச் சுற்றி ஒரு தோல் வாஷர். கைப்பிடியை அழுத்தினால் காற்று நசுங்கி டியூபுக்குள் போகிறது. வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டால்? எவ்வளவு அழுத்தினாலும் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும், டியூப் நிறையாது. அதனால்தான் கடைக்காரர் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்.

இந்தக் குழல்தான் சிலிண்டர், தட்டுதான் பிஸ்டன். பம்ப்பில் நம் கை பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றைத் தள்ளுகிறது. என்ஜினில் இது தலைகீழ். வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் வெளியே இருக்கும் தண்டைத் தள்ளுகிறது.

இரண்டிலும் நிபந்தனை ஒன்றுதான். பிஸ்டன் சுவரை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் சிக்கிக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் தளர்ந்தால் கசிவு, கொஞ்சம் இறுகினால் உராய்வு. இந்த இரண்டுக்கும் நடுவிலான மெல்லிய எல்லையில்தான் வாட்டின் பத்து வருடம் போனது.

கிரீனாக் பையன், கிளாஸ்கோ பட்டறை

வாட் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் துறைமுக நகரமான கிரீனாக். அப்பா கப்பல் வேலை செய்பவர், கூடவே வணிகர். தாத்தா கணிதம் கற்றுக்கொடுத்தவர். சிறுவயதிலிருந்தே வாட்டுக்கு உடம்பு சரியிருக்காது, தலைவலி பாடாய்ப் படுத்தும். படிப்பில் ஒரு பகுதி வீட்டிலேயே நடந்தது. அப்பாவின் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகினார்.

அளவைக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755-ல் லண்டன் போனார். அந்தத் தொழிலில் ஏழு ஆண்டு பயிற்சி வேண்டும் என்பது அன்றைய வழக்கம். வாட் ஒரே ஆண்டில் கற்றுக்கொண்டு, கெட்டுப்போன உடம்போடு ஊர் திரும்பினார். 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்தது. பட்டம் எதுவும் இல்லாத ஒரு கருவித் தொழிலாளிக்குப் பேராசிரியர்களோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. வெப்பம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஜோசப் பிளாக் அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர். பின்னாளில் பணம் கொடுத்து உதவியவரும்கூட.

1763-64 குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்தின் ஒரு பொம்மை அளவு இயந்திரம் பழுதுபார்க்க அவரிடம் வந்தது. வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமென் இயந்திர மாதிரி. சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம்தான். வாட் சரிசெய்துவிட்டார். ஆனால் சில அடிகள் ஓடியதும் கொதிகலனில் நீராவி தீர்ந்து நின்றுவிடும்.

வேறொருவர் என்றால் மாதிரி சின்னது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார். வாட் அளக்க ஆரம்பித்தார்.

நிலக்கரி எங்கே போகிறது?

நியூகோமென் இயந்திரம் வேலை செய்யும் விதம் இதுதான்:

• சிலிண்டருக்குள் நீராவி நிரம்பும், பிஸ்டன் மேலே போகும்.
• உள்ளே குளிர்ந்த நீர் பீய்ச்சப்படும். நீராவி சுருங்கித் தண்ணீராகும், சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட வெற்றிடம் உருவாகும்.
• வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்த இழுப்பில் மறுமுனையில் பம்ப் தண்ணீரைத் தூக்கும்.

பிரச்னை இரண்டாவது படியில் இருக்கிறது. குளிர்ந்த நீர் நீராவியை மட்டுமல்ல, சிலிண்டரையும் குளிரவைக்கிறது. அடுத்த முறை நீராவி வரும்போது, அதன் வெப்பம் முதலில் அந்தக் குளிர்ந்த இரும்பைச் சூடாக்கவே போய்விடுகிறது. வாட்டின் கணக்கில், கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு வெப்பம் இப்படி வீணாகிக்கொண்டிருந்தது.

சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும். நீராவி சுருங்கும் இடமோ குளிராக இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி முடியும்? 1765 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. ஒரே பாத்திரம் எதற்கு, இரண்டாக வைத்துக்கொள்ளலாமே! நீராவியைப் பக்கத்தில் ஒரு தனிப் பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால், சிலிண்டர் சூடாகவே இருக்கும். தனிக் குளிர்கலன் என்று இன்று பாடப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

நல்ல ஐடியா கொண்டுவந்த புதிய சிக்கல்

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது.

நியூகோமென் இயந்திரத்தின் சிலிண்டர்களும் சரியான வட்டமாக இருந்ததில்லை. ஆனாலும் அவை ஓடின. எப்படி? பிஸ்டனைச் சுற்றித் தோல் வைத்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். மேலே நிற்கும் தண்ணீர் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் உள்ளே ஒழுகினாலும் பரவாயில்லை, எப்படியும் சிலிண்டரைக் குளிரவைக்கத்தானே போகிறார்கள்.

வாட்டின் இயந்திரத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் சிலிண்டர் குளிரும், அவர் கண்டுபிடித்ததன் பயனே போய்விடும். போதாததற்கு, மேல்பக்கத்தையும் மூடிவிட்டு, காற்றுக்குப் பதில் நீராவியே பிஸ்டனை அழுத்தும்படி வடிவமைத்திருந்தார். அதாவது, அவரது ஐடியா வேலை செய்ய அதுவரை யாரும் செய்திராத அளவுக்குச் சரியான சிலிண்டர் வேண்டும்.

எவ்வளவு சரியாக? ஒரு சின்னக் கணக்கு. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம், அதாவது 127 செ.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 12,700 சதுர செ.மீ. ஒரு பக்கம் முழு வெற்றிடம் என்றால், மறுபக்கம் வளிமண்டல அழுத்தம் கொடுக்கும் விசை ஏறக்குறைய 13 டன். இது உச்சவரம்பு, நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

இப்போ பிஸ்டனைச் சுற்றி வெறும் 1 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 400 செ.மீ. இடைவெளியின் மொத்தப் பரப்பு 40 சதுர செ.மீ. இது, சிலிண்டரில் 7 செ.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு வெற்றிடம் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்குச் சமம்.

இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தாலாவது எதையாவது சுற்றி அடைக்கலாம். சிலிண்டர் ஓரிடத்தில் வட்டம், இன்னோரிடத்தில் முட்டை வடிவம் என்றால்? பிஸ்டன் நகர நகர இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மேலே இறுகும், கீழே தளரும்.

பழைய தொப்பியும் சாணமும்

வாட்டின் முதல் முதலீட்டாளர் ஜான் ரோபக். கரான் இரும்பாலையை நிறுவியவர்களில் ஒருவர், சுரங்க முதலாளி. வாட்டின் சுமார் 1,000 பவுண்டு கடனையும் காப்புரிமைச் செலவையும் ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு வரப்போகும் காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய ஸ்டார்ட்-அப் பாஷையில் சொன்னால், ஆரம்பத்திலேயே பெரும் பங்கைக் கொடுத்துவிட்ட நிறுவனர்.

காப்புரிமை 1769 ஜனவரியில் கிடைத்தது. அதே ஆண்டு ரோபக்கின் கின்னீல் மாளிகை வளாகத்தில் 18 அங்குல சிலிண்டரோடு ஒரு சோதனை இயந்திரம் எழுந்தது. ஓடியது, ஆனால் கசிந்தது. தகரத்தைச் சுத்தியலால் அடித்து வடிவம் கொடுத்த சிலிண்டர் வட்டமாக நிற்கவில்லை. கசிவை அடைக்க தக்கை, எண்ணெய்த் துணி, சணல் நார், காகிதம், பழைய தொப்பித் துணி, குதிரைச் சாணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாட் முயன்றார். எதுவும் நிற்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய பொறியாளரான ஜான் ஸ்மீட்டன், இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்வதற்கான கருவிகளும் ஆட்களும் நாட்டில் இல்லை என்ற கருத்தில் இருந்தார். அன்றைய நிலையில் அது நியாயமான மதிப்பீடுதான்.

வீட்டிலோ செலவுக்குப் பணம் வேண்டும். வாட் 1764-ல் தன் உறவுப் பெண் மார்கரெட்டைத் திருமணம் செய்திருந்தார். குழந்தைகள் பிறந்திருந்தன. அதனால் கால்வாய்களுக்கு நில அளவை செய்யும் வேலைக்குப் போனார். இயந்திரம் கின்னீலில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

1773 அவர் வாழ்க்கையின் மோசமான ஆண்டு. ரோபக் திவாலானார். செப்டம்பரில், வட ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கால்வாய் அளவையில் வாட் இருந்தபோது, வீட்டில் பிரசவத்தில் மார்கரெட் இறந்துபோனார். செய்தி கேட்டு அவர் ஊர் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கையில் சின்னக் குழந்தைகள், ஓடாத ஓர் இயந்திரம், கடனில் மூழ்கிய கூட்டாளி.

போல்டன் வருகிறார்

மாத்யூ போல்டன் பர்மிங்காமின் பெரிய உற்பத்தியாளர். சோஹோ என்ற இடத்தில் இருந்த அவரது ஆலையில் பொத்தானிலிருந்து வெள்ளிப் பாத்திரம்வரை தயாரானது. 1769-லேயே மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் இயந்திரம் செய்யும் உரிமம் தருவதாக அவரிடம் பேசியிருந்தார்கள். மூன்று மாவட்டத்துக்குச் செய்வது கட்டுப்படியாகாது, உலகம் முழுவதற்கும் செய்வதென்றால் வருகிறேன் என்ற தொனியில் மறுத்துவிட்டார்.

ரோபக் திவாலானபோது, போல்டனுக்கு அவர் தரவேண்டிய பாக்கி சுமார் 1,200 பவுண்டு. அதற்கு ஈடாக காப்புரிமையில் ரோபக்கின் பங்கை போல்டன் எடுத்துக்கொண்டார். மற்ற கடன்காரர்கள் அந்தப் பங்கை மதிப்பில்லாததாகவே பார்த்தார்கள். 1774-ல் வாட் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றச் சட்டம் மூலம் காப்புரிமை 1800-வரை நீட்டிக்கப்பட்டது.

பணம் வந்துவிட்டது, ஆலை வந்துவிட்டது, சட்டப் பாதுகாப்பும் வந்துவிட்டது. சிலிண்டர் மட்டும் இன்னும் இல்லை.

பீரங்கியில் ஆரம்பித்த தீர்வு

விடை ஆயுத வியாபாரத்திலிருந்து வந்தது. ஜான் வில்கின்சன் ஓர் இரும்பாலை முதலாளி. வேல்ஸில் ரெக்ஸம் அருகே பெர்ஷாமில் அவருக்கு ஆலை இருந்தது. அதுவரை பீரங்கிகளை நடுவே துளை விட்டே வார்ப்பது வழக்கம். துளை கோணலாக அமைந்தால் குண்டு குறி தவறும், சில நேரம் பீரங்கியே வெடித்துச் சிதறும். வில்கின்சன் பீரங்கியைக் கெட்டி இரும்பாக வார்த்து, அதைச் சுழற்றி, நேரான கத்தியால் குழலைக் குடைந்தார். 1774-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் பீரங்கிக் குழலும் என்ஜின் சிலிண்டரும் ஒன்றல்ல. பீரங்கிக் குழல் ஒரு பக்கம் மூடியது. அதனால் வெட்டும் தண்டை ஒரு முனையில் மட்டுமே பிடிக்க முடியும். நீளமான தண்டின் மறுமுனை தொங்கும், அதிரும். பெரிய சிலிண்டர்களைக் குடைய அன்று இருந்த இயந்திரங்களிலும் இதே கோளாறுதான். வெட்டும் தலை சிலிண்டரின் அடிச்சுவரிலேயே உட்கார்ந்து நகரும். வார்ப்பில் மேடு பள்ளம் இருந்தால் கத்தியும் அதே மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். தப்பைத் திருத்த வேண்டிய கருவி, தப்பையே நகலெடுத்துக்கொண்டிருந்தது.

வில்கின்சன் கவனித்தது இதுதான்: சிலிண்டர் இரண்டு பக்கமும் திறந்தது. அப்படியானால் தண்டை ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கலாம். சிலிண்டரை அசையாமல் நிறுத்திவிட்டு, தண்டு சுழல, அதன் மேல் கத்தி மெதுவாக நகரும். இப்போ கத்தி பின்பற்றுவது சிலிண்டரின் கோணல் சுவரை அல்ல, நேரான தண்டை.

அவ்வளவுதான் மாற்றம். கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் துல்லியம் என்பது தொழிலாளியின் கைத்திறனிலிருந்து இயந்திரத்தின் அமைப்புக்கு மாறிய இடம் இது. முதல் நவீன இயந்திரக் கருவி என்று பல தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுவது அதனால்தான்.

1775 ஏப்ரலில் வில்கின்சன் குடைந்த இரும்பு சிலிண்டர் சோஹோ வந்தது. கின்னீலிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய இயந்திரத்தில் தகர சிலிண்டரைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார்கள். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. பின்னர் வந்த 50 அங்குல சிலிண்டரில்கூட, எந்த இடத்திலும் பிசகு ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனைத் தாண்டவில்லை என்பது போல்டனின் கணக்கு.

1776 மார்ச்சில் முதல் இரண்டு வணிக இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. ஒன்று டிப்டன் அருகே புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்க. இன்னொன்று வில்கின்சனின் சொந்த ஆலையில், இரும்பு உலைக்குக் காற்று ஊத. சிலிண்டர் செய்துகொடுத்தவரே முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர்.

பொருளை விற்கவில்லை, மிச்சத்தை விற்றார்கள்

போல்டன்-வாட் நிறுவனத்தின் வியாபார முறை இன்றைக்குப் பார்த்தாலும் சுவாரஸ்யமானது. ஆரம்ப காலத்தில் அவர்கள் முழு இயந்திரத்தை விற்கவில்லை. வரைபடம் தருவார்கள், முக்கிய பாகங்கள் தருவார்கள், பொருத்த ஆள் அனுப்புவார்கள். சிலிண்டரை வாடிக்கையாளர் வில்கின்சனிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம்? பழைய நியூகோமென் இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

உதாரணத்துக்கு, மாதம் 300 டன் எரித்த சுரங்கம் இப்போது 100 டன் எரிக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 200 டன். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 67 டன்னின் விலை வாட்டுக்கும் போல்டனுக்கும். நிலக்கரியை வெளியூரிலிருந்து வாங்கவேண்டிய கார்ன்வால் சுரங்கங்களில் இது பெரிய தொகை. இயந்திரம் எத்தனை முறை அடித்தது என்று எண்ணப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஒரு மீட்டர் வேறு.

சுரங்கம் அல்லாத ஆலைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அங்கே இருந்தது பழைய இயந்திரம் அல்ல, குதிரைகள். எனவே 1780-களின் தொடக்கத்தில் ஒரு குதிரையின் வேலையை எண்ணாக்கினார் வாட்: நிமிடத்துக்குச் சுமார் 15,000 கிலோ எடையை ஓர் அடி தூக்கும் அளவு. குதிரைத்திறன் என்ற அலகு இப்படித்தான் ஒரு விற்பனைக் கணக்காக நிலைபெற்றது. வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு ஒரு எச்பி மோட்டார் போதுமா, ஒன்றரை வேண்டுமா என்று இன்றும் நாம் கடையில் விவாதிப்பது அந்தக் கணக்கில்தான்.

இதே காலத்தில் வாட் இயந்திரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார். பிஸ்டன் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் நீராவி தள்ளும்படி செய்தார். மேல்-கீழ் அசைவைச் சக்கரச் சுழற்சியாக்கினார். பிஸ்டன் தண்டு சாயாமல் நேர்கோட்டில் போக 1784-ல் ஓர் இணைப்பை வடிவமைத்தார். தன் கண்டுபிடிப்புகளில் அவர் அதிகம் பெருமைப்பட்டது இதைப் பற்றித்தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தண்டு சாய்ந்தால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரைத் தேய்க்கும், மறுபக்கம் கசியும். பத்து ஆண்டுகள் அவரைத் தூங்கவிடாத அதே பிரச்னை.

1796-ல் அவரது உதவியாளர் ஜான் சதர்ன் ஒரு கருவியை மேம்படுத்தினார். பெரிய சிலிண்டரோடு ஒரு சின்ன சிலிண்டரை இணைத்து, அதற்குள் ஒரு குட்டி பிஸ்டனும் ஸ்பிரிங்கும். உள்ளே அழுத்தம் மாற மாற பென்சில் மேலே கீழே போகும். பெரிய பிஸ்டன் நகர நகர காகிதம் பக்கவாட்டில் போகும். காகிதத்தில் ஒரு மூடிய வளைகோடு விழும், அதன் பரப்பளவு இயந்திரம் செய்த வேலை. ஓர் இயந்திரம் தன் தரவைத் தானே வரைபடமாக வரைந்த ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று இது. நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தது.

ஹீரோ கதையில் சேராத பக்கங்கள்

ரகசியம் என்றதும் இன்னொரு விஷயம். 25 ஆண்டுகள் காப்புரிமையை வாட் கடுமையாகக் காத்தார். தனிக் குளிர்கலனைத் தொட்டவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. எட்வர்ட் புல், ஜொனாதன் ஹார்ன்புளோவர் போன்ற பொறியாளர்கள் அதில் அடிபட்டார்கள். இரண்டு சிலிண்டர்களில் அடுத்தடுத்து நீராவியைப் பயன்படுத்தும் ஹார்ன்புளோவரின் யோசனை பின்னாளில் பொதுவழக்கமானது. உயர் அழுத்த நீராவியை வாட் ஆபத்தென்று எதிர்த்தார். ரயிலுக்கு வழிவிட்டது அந்த உயர் அழுத்த நீராவிதான்.

சிலிண்டர் கொடுத்த வில்கின்சனோடும் உறவு முறிந்தது. அனுமதியில்லாமல், கட்டணம் கொடுக்காமல் அவர் இயந்திரங்கள் செய்து விற்றது 1790-களின் நடுவில் வெளியே வந்தது. போல்டனும் வாட்டும் சோஹோவில் சொந்த வார்ப்பாலை தொடங்கினார்கள்.

1800-ல் காப்புரிமை முடிந்தது. அதற்குள் அவர்கள் கட்டியவை சுமார் 500 இயந்திரங்கள். பிரிட்டனில் அன்று ஓடியவற்றில் பெரும்பாலானவை மற்ற வகை இயந்திரங்களே. 1811 முதல் கார்ன்வாலில் ஒவ்வொரு இயந்திரமும் எவ்வளவு நிலக்கரியில் எவ்வளவு வேலை செய்தது என்று மாதாமாதம் வெளியிடும் அறிக்கை தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஜோயல் லீன். எல்லோர் எண்களும் எல்லோருக்கும் தெரிந்தன, போட்டி சூடுபிடித்தது. அடுத்த 30-35 ஆண்டுகளில் அங்கிருந்த இயந்திரங்களின் சராசரித் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மூடிய காப்புரிமையா, திறந்த தரவா என்ற இன்றைய விவாதத்துக்கு இது ஒரு பழைய சாட்சி.

இன்னும் கசப்பான பக்கமும் உண்டு. வாட் குடும்பத்தின் வணிகம் அடிமை உழைப்பில் ஓடிய அட்லாண்டிக் வர்த்தகத்தோடு பிணைந்திருந்தது. 1762-ல் ஒரு கறுப்பினச் சிறுவனை ஸ்காட்லாந்துக்குள் ஒரு குடும்பத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டில் இளம் வாட்டுக்கே பங்கு இருந்ததை அவரது காலத்து ஆவணங்கள் காட்டுகின்றன. பின்னாளில் போல்டன்-வாட் நிறுவனத்தின் இயந்திரங்கள் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போயின. அங்கே கரும்பு வெட்டியது அடிமைகள். நிலக்கரியில் மிச்சம் பார்த்த கணக்கில் அவர்களின் உழைப்பு ஒருபோதும் ஏறவில்லை.

மாடி அறையும் ஓர் அலகும்

1800-ல் வாட் தொழிலிலிருந்து ஒதுங்கினார். இரண்டாவது மனைவி ஆனுக்குப் பிறந்த மகள் 1794-லும், மகன் கிரெகரி 1804-லும் காசநோயில் இறந்தார்கள். பர்மிங்காம் அருகே ஹீத்ஃபீல்டு வீட்டின் மாடி அறையில் சிலைகளை நகலெடுக்கும் இயந்திரங்கள் செய்துகொண்டு கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1819 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் இறந்தார். அந்த அறை பூட்டியபடியே பல காலம் கிடந்தது. உள்ளே இருந்த 8,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் 1924-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

திறனின் அலகுக்கு அவர் பெயர் 1882-ல் முன்மொழியப்பட்டது. உங்கள் வீட்டு பல்பு 9 வாட், லேப்டாப் சார்ஜர் 65 வாட். அவர் கணக்கிட்ட ஒரு குதிரை 746 வாட். வில்கின்சன் பெயரில் எந்த அலகும் இல்லை.

உங்கள் பைக்கில் அந்த இடைவெளி இப்போது எவ்வளவு?

ஓடும் பைக்கில் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், பிஸ்டன் ஒரு நொடியில் 100 முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். மிச்சத்தை பிஸ்டன் ரிங்குகள் பார்த்துக்கொள்கின்றன. வெளிப்பக்கம் விரியப் பார்க்கும் பிளவுபட்ட உலோக வளையங்கள் அவை, 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் உருவாக்கியவை. சுவரில் வேண்டுமென்றே விடப்படும் மெல்லிய குறுக்குக் கீறல்கள் எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன. வாட்டின் தொப்பித் துணியும் சாணமும் செய்யத் தவறிய வேலையை இந்த வளையமும் எண்ணெய்ப் படலமும் செய்கின்றன.

அது தேய்ந்தால் எண்ணெய் மேலேறி எரியும், சைலன்ஸரில் புகை வரும், மைலேஜும் இழுவையும் குறையும். மெக்கானிக் போர் போயிடுச்சு என்பார். லேத் பட்டறையில் சிலிண்டரை மறுபடி வட்டமாகக் குடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். அங்கே நடப்பது 1775-ல் பெர்ஷாமில் நடந்த அதே வேலைதான். கத்தி தேய்ந்த சுவரைப் பின்பற்றக் கூடாது, நேரான தண்டைப் பின்பற்ற வேண்டும்.

அதனால் அடுத்த முறை யாராவது நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், தேர்வில் மார்க் போகாமல் இருக்க வாட் என்றே எழுதிவிடுங்கள். ஆனால் நியூகோமென் ஓடவைத்ததை வாட் கணக்கிட்டுத் திருத்தினார், வாட் வரைந்ததை வில்கின்சன் செய்துகாட்டினார், நடுவில் போல்டன் காத்திருந்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்கள் ஆபீஸில் நல்ல ஐடியா ஒன்று மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிறது என்றால், அதற்கான சிலிண்டரைக் குடையத் தெரிந்தவர் வேறு தொழிலில் இருக்கிறாரா என்று ஒருமுறை தேடிப்பார்க்கலாம்.